செயலாளரின் இரண்டு வடை

வேண்டாம் தம்பி. நீங்கள் சாப்பிடுங்கள். நல்ல வடைதான், மணமே சொல்கிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அந்தத் தூணோரத்துக் கடைதானே? தெரியும். போன மாதம் நானே அங்கே வாங்கியிருக்கிறேன். ஆனாலும் வேண்டாம்.

ஏன் சிரிக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் பார்க்க ஒரு வடையை வேண்டாம் என்று நான் சொல்லிப் பதினாறு வருஷம் ஆகிறது. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது, அதனால் சிரித்தேன்.

ராஜபாளையத்தில் பழைய மில் ஆட்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், செயலாளர் குருவையா என்று. வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். படிப்பு ஆறாம் வகுப்புதான். மீதி எல்லாம் நோட்டீஸில் படித்தது, நோட்டீஸ் எழுதிப் படித்தது. அதனால் பேச்சும் இப்படி ஆகிவிட்டது. வீட்டில் உப்புக் கேட்டால்கூட கோரிக்கை வைக்கிற மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி கோமதி. உப்புக் கேட்டே வெகுகாலம் ஆகிறது, அது வேறு கதை. வேறு கதை இல்லை, அதே கதைதான்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? சோழபுரமா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

எங்கள் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதியில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ஒருவர் பிழைத்தார், ஒருவர் இல்லை. நிர்வாகம் உடனே மருத்துவ முகாம் போட்டது. மூன்று நாள், மூன்று ஷிப்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். கனத்த கண்ணாடி, மெல்லிய குரல். முன்வரிசைக்குக் கூடக் கேட்காத குரல். மனிதர்களுக்கு ஒன்றைச் சொல்ல வந்தால் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் இல்லையா? அவர் உரக்கப் பேசியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று சில நாள் நினைப்பேன். நினைப்பதில் என்ன, நினைக்கலாம்.

அந்த அம்மா கேன்டீனுக்குள் போய்ச் சட்டியைப் பார்த்திருக்கிறார். எண்ணெய் கறுப்பு. நேற்றைய எண்ணெயில் இன்றைய எண்ணெயை ஊற்றி, அதில் பூரி, அதில் வடை, அதில் அப்பளம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை கேன்டீன் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். திங்கள் முதல் பத்து மணி டீக்கு வடைக்குப் பதில் சுண்டல்: ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் தட்டைப்பயறு. பூரி போய்க் கேழ்வரகு அடை. மதியம் தினமும் ஒரு கீரை. வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு, பொரிப்பது கிடையாது. அப்பளம் வாரம் ஒரு நாள். ஊறுகாய் கேட்டால் மட்டும்.

நல்ல பட்டியல். இன்றைக்குச் சொல்கிறேன், நல்ல பட்டியல். ஆனால் சங்கத்தைக் கேட்டார்களா? ஒரு வார்த்தை? போனஸ் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் தம்பி. தொழிலாளியின் தட்டில் கை வைப்பவன் அடுத்து எங்கே கை வைப்பான்? இதை நான் இன்றும் திரும்பப் பெறவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று மாலையே நோட்டீஸ் எழுதினேன். தலைப்பு, 'கொள்ளு தின்ன நாங்கள் என்ன குதிரையா?' அந்த ஒரு வரி போதும், உள்ளே யாரும் படிக்கவே இல்லை. மறுநாள் டீக்கடையில், பஸ்ஸில், சலூனில் எல்லாம் அதே பேச்சு. திங்கட்கிழமை ஒரு ஆள் கேன்டீனுக்குள் போகவில்லை. மில் கேட்டுக்கு எதிரே கல்லைக் கூட்டிப் பெரிய சட்டியை ஏற்றினோம். ஆறு நாள் அங்கேயே வடை சுட்டு அங்கேயே தின்றோம். பாதுகாப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு தின்றுவிட்டு, 'கொஞ்சம் சோம்பு கூட்டிப் போடுங்கய்யா' என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு ஒற்றுமை. அப்படி ஒரு ஆறு நாளை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளர் அலுவலர் முன்னால் ஒப்பந்தம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, வடையவா ஷரத்துல எழுதச் சொல்றீங்க?"

"எழுதுங்கள். எடையோடு எழுதுங்கள்" என்றேன்.

எழுதினார். எட்டாவது ஷரத்து. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பத்து மணிக்கு வடை இரண்டு, ஒவ்வொன்றும் நாற்பது கிராமுக்குக் குறையாமல். தமிழ்நாட்டில் வேறு எந்த மில்லிலாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி. இப்போது மற்றதைச் சொல்ல வேண்டும். சன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள், காற்று முகத்தில் அடிக்கிறது.

அந்த முகாமில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள் இல்லையா. ஒப்பந்தம் ஆன மறுவாரம் முடிவுகள் உறையில் வந்தன. என்னுடையதை அந்த டாக்டரம்மாவே கையில் கொடுத்தார். பிரஷர் அதிகம், கொழுப்பு அதிகம். அந்த மெல்லிய குரலில், "உங்களுக்கு வடை, அப்பளம், ஊறுகாய் எல்லாம் நிறுத்திடணும். தினமும் பயறு, கீரை, கேப்பை. நாளைக்கே ஆரம்பிங்க" என்றார். இந்த முறை எனக்கு நன்றாகவே கேட்டது.

உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கோமதியிடம் மட்டும் காட்டினேன். மறுநாளிலிருந்து அவள் எவர்சில்வர் டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். கொள்ளுச் சுண்டல், தேங்காய் பேருக்கு. கேழ்வரகு அடையில் முருங்கைக் கீரை. ஒரு கைப்பிடி வறுத்த கடலை, உப்பில்லாமல். நிர்வாகத்தின் பட்டியல் அப்படியே. ஒரு வரி மாறவில்லை.

பஞ்சு குடோனுக்குப் பின்னால் ஒரு வேப்ப மரம் உண்டு. பத்தரை மணிக்கு அங்கே போய்த் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி மடியில் கட்டிக்கொண்டு வருவேன். பதினோரு வருஷம். ஓய்வு பெறும் நாள் வரை.

அப்படியானால் என் பங்கு வடை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள், மரியாதைக்காரர். நானே சொல்கிறேன்.

வடையை வாங்காமல் இருக்க முடியாது. அது வெறும் வடை இல்லை தம்பி அப்போது. வடையை எடுக்காதவன் கம்பெனி ஆள். ஒரு டாஃபர், நூற்கண்டு மாற்றுகிறவர், வயிற்றுவலி என்று இரண்டு நாள் வடையை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் சைக்கிளில் காற்று இல்லை. அப்புறம் டியூபே இல்லை. நான் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் அவர் வயிற்றுவலியோடு வடை தின்றார்.

அதனால் செயலாளர்தான் முதல் ஆளாகத் தட்டை நீட்ட வேண்டும். நீட்டுவேன். இரண்டு வடையும் கையில் வரும். பேசிக்கொண்டே நடப்பேன், ஒரு துண்டு பிய்ப்பேன், வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோவேன். எனக்குப் பக்கத்தில் எப்போதும் வெயிலுமுத்து இருப்பார். "தோழர், பிடியுங்கள், எனக்கு ஒரு வேலை இருக்கிறது" என்று அவர் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

வெயிலுமுத்து சைடர். ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை, நாள் முழுக்க நடை. கேட்டில் கல்லைக் கூட்டிச் சட்டி ஏற்றியது அவர்தான். ஆள் ஒல்லி, குரல் கணீர். 'கொள்ளு தின்ன நாங்கள் என்ன' என்று நான் மைக்கில் சொன்னால் 'குதிரையா' என்று முதலில் எழும் குரல் அவருடையது. அவர் பங்கு இரண்டு, என் பங்கு இரண்டு, தினம் நான்கு. சங்கத்தில் கேலியாகச் சொல்வார்கள், 'செயலாளர் பேசுவார், வெயிலுமுத்து மெல்லுவார்' என்று. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கோமதி ஒரு நாள் கேட்டாள். "அந்த வடைய என்னதான் செய்றீங்க?"

"கொடுத்துவிடுகிறேன்."

"யாருக்கு?"

"வெயிலுமுத்துவுக்கு."

மறுநாள் இரண்டு டப்பா வைத்தாள். "அண்ணனுக்கு ஒண்ணு. அவருக்கும் உடம்புதானே" என்றாள். நான் என்ன செய்யட்டும்? டப்பாவைக் கொடுத்தால் என் டப்பாவும் வெளியே வரும். மூன்று நாள் அந்த இரண்டாவது டப்பாவை வேப்ப மரத்தடியில் காக்கைக்குக் கொட்டினேன். நாலாம் நாள், "அவருக்குப் பிடிக்கவில்லையாம்" என்று சொல்லிவிட்டேன். கோமதிக்கு இன்று வரை அது தெரியாது. வெயிலுமுத்து அண்ணனுக்குக் கொள்ளு பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கரிவலம் தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. சுருக்கிச் சொல்கிறேன்.

வெயிலுமுத்துவும் ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலில் மனைவி வீட்டுப் பக்கம் போய்விட்டார். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம். அதற்குத் தவறாமல் வந்துவிடுவார். டீயும் இரண்டு வடையும் உண்டு. எட்டாவது ஷரத்தின் நினைவாக. தட்டு முதலில் என்னிடம் வரும். என் கையிலிருந்து அவர் தட்டுக்குப் போகும். அந்தக் கூட்டத்தில் இருக்கிற நாற்பது பேரில் ஏழு பேருக்கு நெஞ்சில் ஏதாவது ஒரு வேலை நடந்திருக்கிறது. ஏழு பேரும் வடை தின்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு தின்கிறார்கள்.

பங்குனியில் வெயிலுமுத்து விழுந்தார். திருநெல்வேலியில் வைத்து ஸ்டென்ட் போட்டார்கள். அங்கே ஒரு டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன், வடையாலா என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வடை மட்டும்னு சொல்ல முடியாதுங்க. பீடி இருக்கு, உப்பு இருக்கு, பரம்பரை இருக்கு" என்றார். கேட்டீர்களா? வடை மட்டும் இல்லை. அதை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்றும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு வெயிலுமுத்து பத்தியச் சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறார். அவர் மனைவி சண்முகக்கனி போன் போட்டது.

"அண்ணாச்சி, அவுக யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்காக. சுண்டல வச்சா நான் என்ன குதிரையாங்காக. டாக்டரு இன்னொரு தடவ வந்தா தாங்காதுன்னுட்டாரு. நீங்க சொன்னாத்தான் உண்டு."

போன மாதம் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். வெயிலுமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆள்தான் மிச்சம், ஆனால் குரல் அப்படியே.

நான் ஆரம்பித்தேன். மருத்துவ அறிவியல், உழைப்பாளியின் உடல்நலம், மாறிவரும் சூழல் என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"செயலாளரே, இந்தச் சுண்டல நீங்க திம்பீகளா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு எதற்குத் தோழர், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றேன். பையில் நாலு வடை இருந்தது, பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று பழக்கத்தில் வாங்கிவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஆளுக்கு இரண்டு தின்றோம். சண்முகக்கனி வாசல்படியில் நின்று பார்த்தது. நான் கிளம்பும்போது போய்ட்டு வாங்கன்னுகூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொள்ளும் இறங்கவில்லை.

இன்று காலை கோமதியிடம், "டப்பாவைக் கட்டு. பெரிய டப்பா" என்றேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "அண்ணனுக்குத்தான் பிடிக்காதே" என்றாள். பிடிக்கும், கட்டு என்றேன்.

வெயிலுமுத்து கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். பேச்சு ஏதும் தயாரிக்கவில்லை. ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றேன். இன்னொரு கை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினாறு வருஷமாக நான் இதைத்தான் தின்கிறேன், தோழர். ஒப்பந்தம் ஆன மறுவாரத்திலிருந்து" என்றேன். குடோன், வேப்ப மரம், காக்கை எல்லாம் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். துண்டை எடுத்து முகத்தில் வீசுவார் என்று பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

"தெரியுமே" என்றார்.

"எது?"

"எல்லாந்தான். அந்த மூணாம் மாசமே பாத்தாச்சு. சஸ்பெண்டு ஆன பையன் விசாரணை எப்பன்னு கேக்க குடோன் பக்கம் வந்தேன். நீங்க சுவரப் பாத்து உக்காந்து தின்னுக்கிட்டிருந்தீக. அப்படியே திரும்பிட்டேன்."

"பிறகு ஏன்..." என்றேன்.

"பிறகு என்ன? உங்க கையில ரெண்டு வடை மிச்சம் நின்னா ஆளுக பாப்பானுவல்லா? செயலாளரே திங்கலன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், சங்கம் ரெண்டா ஒடஞ்சிருக்கும். யாராவது தின்னுத்தானே ஆகணும்."

சாதாரணமாகச் சொன்னார். அறுந்த நூலை ஒட்டினேன் என்கிற மாதிரி சொன்னார்.

தம்பி, நான் நூறு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். தியாகம் என்ற சொல் இல்லாத நோட்டீஸ் ஒன்றுகூட இருக்காது.

டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை. "தின்னுதேன். ஆனா ஒரு ஷரத்து" என்றார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததா, நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததா, ஷரத்து போடுகிற புத்தி? "இன்னிக்கி முத ஞாயிறு. சாயந்திரம் கூட்டத்துல தட்டு வரும். வேண்டாம்னு சொல்லணும். ஏன் வேண்டாம்னும் சொல்லணும். எந்திரிச்சு நின்னு சொல்லணும். வயித்துவலின்னு சொல்லக் கூடாது."

"சொல்கிறேன்" என்றேன்.

"நீங்க சொல்லுவீக. ஆறு மணிக்கு நான் அங்க போன் போட்டு, கூட்டத்துல டீ குடுக்க நம்ம மாடசாமிகிட்ட கேப்பேன். நீங்க சொல்லியாச்சுன்னா சண்முகக்கனி கையால கேப்பை அடை. இல்லன்னா, கடையில ரெண்டு வடை வாங்கியாரச் சொல்லிருவேன். எட்டாவது ஷரத்து இன்னும் ரத்தாகல."

டப்பாவை அங்கேயே மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆறு மணி வரை அதை யாரும் திறக்க மாட்டார்கள். நான் எழுந்து வரும்போது சண்முகக்கனி வாசலில் நின்றது. "அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னது.

நாற்பது பேர் தம்பி. அந்த டாஃபரும் வருவார், சைக்கிள் டியூப் போனவர். அவரும் தட்டில் இரண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழு பேர் நெஞ்சில் தையலோடு இருப்பார்கள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். தட்டு முதலில் என்னிடம் வரும், ஏனென்றால் நான் செயலாளர்.

சற்று முன் நீங்கள் வடையை நீட்டியபோது என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? வயிறு சரியில்லை என்பதுதான். முழுங்கிவிட்டு, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல இவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது. உங்களை எனக்குத் தெரியாது, நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள், அப்படியும் இவ்வளவு தூரம். அங்கே தட்டு இவ்வளவு நேரம் நிற்காது.

அதோ, சோழபுரம் வந்துவிட்டது போலிருக்கிறது. கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை இன்னும், நேரம் இருக்கிறது. அந்தப் பொட்டலத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறதா? இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். இன்னொரு தடவை நீட்டுங்கள். 'செயலாளரே, எடுத்துக்கிடுங்க' என்று சொல்லி நீட்டுங்கள், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்சம் உரக்க. பின் சீட்டுக்கும் கேட்கட்டும். நான் எழுந்து நின்றுகொள்கிறேன்.